சென்ட்ரல் ரயில் நிலையமும் அதைச் சுற்றியுள்ள ரயில் பாதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ரயிலைத் தவறவிடுபவர்களில் பலர் வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பியவர்கள் அல்லர். உரிய நேரத்தில், வேறொரு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். எழும்பூரில் நிற்கும் ரயிலுக்குச் சென்ட்ரலில் காத்திருப்பவர்களையும், மின்சார ரயில் முனையத்துக்குப் போக வேண்டியவர்கள் தொலைதூர ரயில்களின் நடைமேடையில் தேடி அலைவதையும் நாள்தோறும் காண முடிகிறது. எந்த ரயில் எங்கிருந்து கிளம்புகிறது என்பதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. வெளியூரிலிருந்து வருபவர்களும், நகரத்திலேயே இருந்தும் ரயிலை அதிகம் பயன்படுத்தாதவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது.

சென்ட்ரல் என்று எல்லோரும் சொல்வது ஒரே நிலையத்தைத்தானா?

இல்லை. பேருந்து நடத்துநர் "சென்ட்ரல்" என்று குரல் கொடுத்து இறக்கிவிடும் இடத்தைச் சுற்றி, நடந்து போகும் தொலைவிலேயே ஐந்து ரயில் நிலையங்கள் இருக்கின்றன. சிவப்புச் சுவரும் மணிக்கூண்டும் கொண்ட பெரிய கட்டடம் தொலைதூர ரயில்களுக்கான முனையம். அதன் பக்கத்திலேயே, பழைய மூர் மார்க்கெட் இருந்த இடத்தில், திருவள்ளூர், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் மின்சார ரயில்களுக்கான தனி முனையம் இருக்கிறது. அதை இன்றும் பலர் மூர் மார்க்கெட் வளாகம் என்றே குறிப்பிடுகிறார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்தால், சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு பக்கம் போகும் மின்சார ரயில்கள் நிற்கும் பூங்கா நிலையம் வரும். அதற்கு அருகிலேயே வேளச்சேரிக்குச் செல்லும் பறக்கும் ரயிலுக்கான பூங்கா நகர் நிலையம் உள்ளது. சாலைக்கு அடியில் சென்ட்ரல் மெட்ரோ நிலையம் அமைந்திருக்கிறது.

பூங்கா, பூங்கா நகர் என்ற இரண்டு பெயர்களும் ஒன்றுபோல் ஒலிப்பதால் புதியவர்கள் குழம்புவது இயல்பே. தாம்பரம் போக வேண்டுமானால் பூங்கா. மயிலாப்பூர், திருவான்மியூர், வேளச்சேரி போக வேண்டுமானால் பூங்கா நகர். யாரையாவது வரவேற்கச் செல்பவர்கள் "சென்ட்ரலில் நிற்கிறேன்" என்று மட்டும் சொல்லாமல், இந்த ஐந்தில் எது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

என் ரயில் சென்ட்ரலில் கிளம்புமா, எழும்பூரில் கிளம்புமா?

பொது விதி எளிது. வடக்கும் மேற்கும் சென்ட்ரல், தெற்கு எழும்பூர். விஜயவாடா, ஹவுரா, புது தில்லி, மும்பை, பெங்களூரு, திருப்பதி, காட்பாடி, சேலம், ஈரோடு, கோயம்புத்தூர், பாலக்காடு வழியாகக் கேரளம் என்றால் பெரும்பாலும் சென்ட்ரல். விழுப்புரம், கடலூர், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமேசுவரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, செங்கோட்டை, கன்னியாகுமரி என்றால் பெரும்பாலும் எழும்பூர்.

பெயரால் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு: நீலகிரி, சேரன், கோவை, ஏற்காடு, பிருந்தாவன், சப்தகிரி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்கள் சென்ட்ரலைச் சேர்ந்தவை. பாண்டியன், வைகை, பல்லவன், மலைக்கோட்டை, நெல்லை, பொதிகை, முத்துநகர், உழவன் ஆகியவை எழும்பூரைச் சேர்ந்தவை. வந்தே பாரத் ரயில்களும் இதே முறையில்தான் பிரிந்திருக்கின்றன: மைசூரு, கோயம்புத்தூர் பக்கம் போகிறவை சென்ட்ரலிலிருந்தும், திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போகிறவை எழும்பூரிலிருந்தும் இயக்கப்படுகின்றன.

எனினும் எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணி நடந்துவருகிறது. அதற்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. இதன் காரணமாகச் சில ரயில்கள் அவ்வப்போது தாம்பரத்திலிருந்தோ கடற்கரையிலிருந்தோ புறப்படும்படி மாற்றப்படுகின்றன. சென்ற முறை ஏறிய இடத்திலேயே இம்முறையும் ஏறலாம் என்று எண்ணாமல், பயணச்சீட்டில் உள்ள நிலையத்தின் பெயரை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே நகரத்தில் இப்படி இரண்டு பெரிய நிலையங்கள் ஏன்?

இரண்டு தனித்தனி நிறுவனங்கள், இரண்டு வெவ்வேறு அகலமுள்ள தண்டவாளங்கள் என்பதே சுருக்கமான விடை. ஆனால் இதைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது பயன் தரும். சென்னையின் ரயில் வரைபடத்தில் இன்று நமக்கு விந்தையாகத் தோன்றும் பலவற்றுக்கும் இதுவே மூலம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதை ஓட்டிய மெட்ராஸ் ரயில்வே நிறுவனம் அகலப்பாதையில் தன் தடங்களை மேற்கே அரக்கோணம், ஜோலார்பேட்டை வழியாகவும், வடமேற்கே மும்பை நோக்கியும் நீட்டிக்கொண்டு போனது. ராயபுரம் துறைமுகத்துக்கு அருகில் இருந்தது வாணிகத்துக்கு வசதி. பயணிகளுக்கோ நகரின் நடுவில் ஒரு நிலையம் தேவைப்பட்டது. அப்படித்தான் 1873இல் சென்ட்ரல் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் 1908இல் அந்த நிறுவனம் மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே என்ற பெரிய நிறுவனத்தின் பகுதியானது.

தெற்கு மாவட்டங்களின் கதை வேறு. அங்கே தடம் அமைத்த சவுத் இந்தியன் ரயில்வே, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு, மீட்டர்கேஜ் பாதையில் ரயில்களை ஓட்டியது. இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலமே வேறாக இருந்ததால், ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொன்றின் பாதையில் ஓட வழியே இல்லை. ஆகவே அந்த நிறுவனம் சென்னையில் தனக்கென எழும்பூரில் ஒரு முனையத்தைக் கட்டிக்கொண்டது. ஹென்றி இர்வின் வடிவமைத்து, சாமிநாத பிள்ளை ஒப்பந்தக்காரராக நின்று கட்டிய அந்த நிலையம் 1908இல் திறக்கப்பட்டது.

1951 ஏப்ரல் 14 அன்று இவ்விரு நிறுவனங்களும் மைசூர் அரசின் ரயில்வேயும் இணைக்கப்பட்டுத் தெற்கு ரயில்வே உருவானது. நிர்வாகம் ஒன்றானாலும் தண்டவாளத்தின் அகலம் ஒன்றாக மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன. தென் மாவட்டங்களுக்கான முதன்மைப் பாதை கட்டம் கட்டமாக அகலப்பாதையாக்கப்பட்டது. சென்னைப் புறநகரில் மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004இல்தான் ஓய்வுபெற்றது. இன்று எல்லாமே அகலப்பாதை. எந்த ரயிலையும் எங்கும் ஓட்டலாம். ஆனால் பணிமனைகள், பெட்டிகளைப் பராமரிக்கும் இடங்கள், நகரைவிட்டு வெளியேறும் தடங்கள் ஆகிய எல்லாம் பழைய பிரிவினைப்படியே வளர்ந்துவிட்டதால், நூறாண்டுக்கு முந்தைய எல்லைக்கோடு நம் பயணச்சீட்டில் இன்றும் தொடர்கிறது.

இந்த விதிக்கு விலக்குகள் உண்டா?

உண்டு. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழனி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்தே கிளம்பி, சேலம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் போகிறது. பழனி மதுரைப் பக்கம்தானே என்று எண்ணி எழும்பூருக்குப் போய்விடக் கூடாது. சேலத்துக்குச் சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகவும் போகலாம். எழும்பூர்ப் பாதையில் விருத்தாசலம், ஆத்தூர் வழியாகவும் போகலாம். மங்களூருக்குப் பாலக்காடு வழியாக நேரே போகும் மெயில் சென்ட்ரலில் கிளம்ப, திருச்சியைச் சுற்றிக்கொண்டு போகும் ரயில் எழும்பூரைச் சேர்ந்தது.

திருவனந்தபுரம் மிகவும் குழப்பம் தருவது. திருவனந்தபுரம் மெயில் சென்ட்ரலிலிருந்து பாலக்காடு, எர்ணாகுளம் வழியாகச் செல்கிறது. அனந்தபுரி, குருவாயூர் எக்ஸ்பிரஸ்கள் எழும்பூரிலிருந்து மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாக அதே திருவனந்தபுரத்தை அடைகின்றன. ஐதராபாத்துக்குச் செல்லும் சார்மினார் எக்ஸ்பிரஸ், வடக்கே போகும் ரயிலாக இருந்தும், தாம்பரத்திலிருந்து புறப்பட்டு எழும்பூர் வழியாகச் செல்கிறது.

பயணச்சீட்டில் உள்ள எழுத்துக் குறிகளுக்கு என்ன பொருள்?

எம்.ஏ.எஸ். என்றால் சென்ட்ரல். எம்.எஸ். என்றால் எழும்பூர். ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பதால் இந்த இரண்டையும் நிதானமாகப் படிக்க வேண்டும். டி.பி.எம். தாம்பரத்தையும், எம்.எஸ்.பி. சென்னைக் கடற்கரையையும், பி.இ.ஆர். பெரம்பூரையும் குறிக்கும்.

சென்ட்ரலின் முழுப் பெயரைப் பார்த்தும் சிலர் தயங்குகிறார்கள். 2019 ஏப்ரல் முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம் என்பதாகும். பழைய சென்ட்ரல் நிலையமேதான் அது, இடம் மாறவில்லை.

சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் வேறு ரயிலைப் பிடிக்க வேண்டும். எப்படிப் போவது?

இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். ஆயினும் தொலைதூர ரயில்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் போக முடியாது. சென்ட்ரலில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. பயணிகளுக்கு மெட்ரோவே சிறந்த வழி. சென்ட்ரல் மெட்ரோவில் பச்சை வழித்தடத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் இருப்பதால் பெட்டி படுக்கையுடன் வருபவர்களுக்கும் முதியவர்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் சாலையைக் கடந்து பூங்கா நிலையத்துக்குப் போய்த் தாம்பரம் பக்கம் செல்லும் மின்சார ரயிலில் ஏறலாம். அங்கும் அடுத்த நிறுத்தம் எழும்பூரே. ஆனால் பூங்கா நிலையத்தில் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். அலுவலக நேரத்தில் நெரிசலும் அதிகம்.

இரண்டு ரயில்களுக்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நகரும் தொலைவைக் கணக்கிட்டு அரை மணி நேரம் போதும் என்று முடிவுசெய்வது ஆபத்தானது. சென்ட்ரலுக்கு வரும் ரயில் நகர எல்லையில் நின்றுவிடும் வாய்ப்பையும் சேர்த்துக் குறைந்தது இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு முன்பதிவு செய்வதே பாதுகாப்பு.

பேசின் பிரிட்ஜ் அருகே வந்த பின்பும் ரயில் ஏன் நெடுநேரம் நின்றுவிடுகிறது?

சென்னைக்கு ரயிலில் வந்த எவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஊர் வந்துவிட்டதென்று பெட்டியை எடுத்து வாசலருகே வைத்துவிட்டு நிற்கையில் ரயில் அசையாமல் நிற்கும். இதற்குக் காரணம் சென்ட்ரலின் அமைப்பு.

சென்ட்ரல் ஒரு முட்டுச்சந்து நிலையம். உள்ளே வந்த ஒவ்வொரு ரயிலும் வந்த வழியே திரும்பிப் போயாக வேண்டும். மேற்கே அரக்கோணத்திலிருந்து வரும் தடங்களும் வடக்கே கூடூரிலிருந்து வரும் தடங்களும் பேசின் பிரிட்ஜில்தான் ஒன்றுசேர்கின்றன. அந்தக் குறுகிய வாயில் வழியாகவே உள்ளே வரும் எக்ஸ்பிரஸ்கள், வெளியேறும் எக்ஸ்பிரஸ்கள், இரண்டு திசைகளின் மின்சார ரயில்கள் என எல்லாம் நுழைந்து வெளியேற வேண்டும். அத்துடன், பயணிகளை இறக்கிவிட்ட வெற்றுப் பெட்டித்தொடர்கள் தூய்மைப்படுத்தவும் தண்ணீர் நிரப்பவும் பராமரிக்கவும் பேசின் பிரிட்ஜ் பணிமனைக்குச் செல்கின்றன. புறப்பாட்டு நேரத்துக்கு முன் அவை மீண்டும் நடைமேடைக்குக் கொண்டுவரப்படுகின்றன. ஆக, கால அட்டவணையில் ஒரு வருகை, ஒரு புறப்பாடு என்று தெரிவதற்குப் பின்னால் அந்த வாயிலைக் கடக்கும் மேலும் இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன. ஒரு தொடர் ஒரு தடத்திலிருந்து எதிர்ப்பக்க நடைமேடைக்குக் குறுக்கே கடக்கும்போது, இடையிலுள்ள தடங்களில் மற்ற ரயில்கள் நின்றுதான் ஆக வேண்டும். காலை நேரத்தில் பல ஊர்களிலிருந்து இரவு ரயில்கள் அடுத்தடுத்து வரும்போது நடைமேடை காலியாகும்வரை வெளியே காத்திருக்க நேர்கிறது.

இது ஓட்டுநரின் தாமதமோ, சிக்னல் பழுதோ என்று பயணிகள் சினம் கொள்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுமல்ல, 19ஆம் நூற்றாண்டில் அமைந்த ஒரு வாயிலின் கொள்ளளவு அது. நகரின் சுமையைச் சென்ட்ரலிலிருந்து பிரித்துத் தாம்பரத்துக்கும் பெரம்பூருக்கும் அளிக்கும் திட்டங்களின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. நீண்டகால நோக்கில் அதுவே சரியான வழி என்பது என் கருத்து.

ரயில் நிற்கும்போது பொறுமையிழந்து கீழே குதித்துத் தண்டவாளத்தின் மேல் நடந்து போவோரைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. இரு பக்கமும் ரயில்கள் ஓசையின்றி நகரும் இடம் அது. தயவுசெய்து அப்படி இறங்காதீர்கள். உடன் வருபவர்களையும் இறங்க விடாதீர்கள்.

சென்ட்ரல் வரை போகாமல் வழியிலேயே ஏறலாமா?

பல ரயில்களில் முடியும். வடசென்னையிலும் கொளத்தூர், வில்லிவாக்கம் பகுதிகளிலும் இருப்பவர்களுக்குப் பெரம்பூர் வசதியானது. மேற்கே போகும் பல ரயில்கள் அங்கே நிற்கின்றன. வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் சென்னையைக் கடந்து போகும் ரயில்களில் சில, சென்ட்ரலுக்குள் வந்து திரும்பும் வேலையைத் தவிர்ப்பதற்காக, பெரம்பூரில் மட்டும் நின்று செல்கின்றன. ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் ஆகிய இடங்களிலும் குறிப்பிட்ட ரயில்கள் நிற்கும். எழும்பூர்ப் பாதையில் தாம்பரமும் செங்கல்பட்டும் அதே பயனைத் தருகின்றன. தென்சென்னைவாசிகள் எழும்பூருக்குப் போய்த் திரும்பவும் தாம்பரத்தைக் கடப்பது வீண் அலைச்சல்.

ஒன்றை மறக்கக் கூடாது. முன்பதிவுச் சீட்டு சென்ட்ரலிலிருந்து என்று இருக்கையில் பெரம்பூரில் ஏற விரும்பினால், ஏறும் நிலையத்தை முன்கூட்டியே மாற்றிப் பதிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் பயணி வரவில்லை என்று கருதப்பட்டு, அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடலாம்.

மின்சார ரயில் தடங்கள் எவை? எது எங்கிருந்து கிளம்புகிறது?

மூன்று திசைகள். மேற்குத் தடம் மூர் மார்க்கெட் வளாக முனையத்திலிருந்து பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் செல்கிறது. சில ரயில்கள் அதையும் தாண்டித் திருத்தணி, திருப்பதி பக்கம் போகின்றன. இந்தத் தடத்தில்தான் 1955இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. முதல் வந்தே பாரத் தொடர் உருவானது அங்கேதான்.

வடக்குத் தடமும் அதே முனையத்திலிருந்து தொடங்கி, பேசின் பிரிட்ஜில் பிரிந்து, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை போகிறது. சில ரயில்கள் ஆந்திர எல்லைக்குள் சூலூர்ப்பேட்டை வரையும் போகும். ஸ்ரீஹரிகோட்டாவில் பணிபுரிவோருக்கு அது அன்றாட வழி.

தெற்குத் தடம் மட்டும் சென்ட்ரலைத் தொடுவதில்லை. கடற்கரையில் கிளம்பி, கோட்டை, பூங்கா, எழும்பூர், மாம்பலம், கிண்டி வழியாகத் தாம்பரத்துக்கும் அங்கிருந்து செங்கல்பட்டுக்கும் செல்கிறது. சில ரயில்கள் செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம், திருமால்பூர் பக்கம் திரும்புகின்றன. 1931இல் மின்மயமாக்கப்பட்ட இந்தத் தடம்தான் சென்னையின் உயிர்நாடி. நுங்கம்பாக்கத்திலும் மாம்பலத்திலும் காலை ஒன்பது மணிக்கு ஏறும் கூட்டத்தைப் பார்த்தால் எவரும் இதை ஒப்புக்கொள்வர். 2025 ஏப்ரலில் இத்தடத்தில் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடத் தொடங்கியது.

அம்பத்தூர், ஆவடி பக்கத்திலிருந்து தென்சென்னைக்கு வருபவர்கள் கவனிக்க வேண்டியது: மேற்கு, வடக்குத் தடங்களின் சில ரயில்கள் சென்ட்ரலுக்குள் நுழையாமல் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரைக்கே போகின்றன. அவற்றில் வந்தால் சாலையைக் கடக்காமலேயே கடற்கரையில் தாம்பரம் ரயிலுக்கோ பறக்கும் ரயிலுக்கோ மாறிக்கொள்ளலாம்.

பறக்கும் ரயில் மீண்டும் கடற்கரை வரை ஓடுகிறதா?

ஓடுகிறது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது தடம் அமைக்கும் பணிக்காக 2023 ஆகஸ்ட் இறுதியில் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. 2024 அக்டோபர் இறுதியில் சேவை மீண்டும் தொடங்கியது. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் எட்டிய தடம் இது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்க்கவும், கபாலீசுவரர் கோயிலுக்குப் போகவும், தரமணியில் வேலைக்குச் செல்லவும் இதைவிட மலிவான வழி இல்லை. மின்சார ரயிலுக்கும் இதற்கும் ஒரே வகைப் பயணச்சீட்டுதான். மெட்ரோவுக்கு மட்டும் தனிச்சீட்டு வேண்டும்.

மெட்ரோவின் எந்த வழித்தடங்கள் சென்ட்ரலில் சந்திக்கின்றன?

இரண்டும். நீல வழித்தடம் விம்கோ நகர் பணிமனையிலிருந்து வண்ணாரப்பேட்டை, உயர் நீதிமன்றம், சென்ட்ரல், எல்.ஐ.சி., தேனாம்பேட்டை, கிண்டி வழியாக விமான நிலையம் செல்கிறது. பச்சை வழித்தடம் சென்ட்ரலில் தொடங்கி எழும்பூர், கீழ்ப்பாக்கம், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி வழியாகப் பரங்கிமலையை அடைகிறது. இரண்டும் ஆலந்தூரில் மீண்டும் சந்திக்கும். பச்சைத் தடம் 2018 மே மாதத்திலும், நீலத் தடம் 2019 பிப்ரவரியிலும் சென்ட்ரலை எட்டின. விமான நிலையத்துக்குப் போக வேண்டுமானால் நீலத் தடத்தில் மாறாமல் போகலாம்.

பேருந்து நிலையங்களுக்கு எப்படிப் போவது?

கோயம்பேட்டுக்குப் பச்சை வழித்தட மெட்ரோ. ஆனால் தென் மாவட்ட அரசுப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. அங்கே போக, பூங்காவில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி மாநகரப் பேருந்தைப் பிடிக்கலாம்.

நிலையக் கட்டடத்தை வடிவமைத்தவர் யார்?

ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்தார். பின்னர் ராபர்ட் சிஷோம் அதில் மாற்றங்கள் செய்து நிறைவாக்கினார். நான்கு முகங்களிலும் கடிகாரம் பொருத்திய அந்த மணிக்கூண்டு அவர் காலத்துச் சேர்க்கை. பக்கத்தில் உள்ள தெற்கு ரயில்வே தலைமையகம் 1922இல் திறக்கப்பட்டது. வெண்ணிற ரிப்பன் மாளிகை 1913ஆம் ஆண்டினது. இவற்றின் வரிசையில் நின்ற மூர் மார்க்கெட்டை மட்டும் 1985இல் தீ தின்றுவிட்டது. பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர்போன அந்த அங்காடியின் இழப்பைச் சென்னையின் மூத்த வாசகர்கள் இன்னும் வருத்தத்தோடு பேசுகிறார்கள்.

ரயில் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் ராயபுரம் நிலையத்தையும் தவறாமல் பார்க்க வேண்டும். 1856இல் கட்டப்பட்ட தூண் வரிசை இன்றும் நிற்கிறது. இத்தகைய சிறப்புக்கு உரிய கவனம் அதற்குக் கிடைக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

சென்ட்ரலில் எத்தனை நடைமேடைகள் உள்ளன?

தொலைதூர ரயில்களுக்கு 12, புறநகர் ரயில்களுக்கு 5. இரண்டாம் நடைமேடைக்கும் மூன்றாம் நடைமேடைக்கும் இடையில் 2ஏ என்று ஒன்று உண்டு. குறைந்த பெட்டிகள் கொண்ட ரயில்கள் அதில் நிற்கும். முட்டுச்சந்து நிலையமாக இருப்பதில் ஒரு நன்மை: தொலைதூர முனையத்தில் எந்த நடைமேடைக்கும் படி ஏறாமல் முன்கூடத்திலிருந்து நேரே நடந்தே போகலாம். ஆனால் கடைசிப் பெட்டிவரை நடப்பது நெடுந்தொலைவு. நடக்க இயலாதவர்கள் பேட்டரி காரைப் பயன்படுத்தலாம்.

மருத்துவமனைக்காக ஊரிலிருந்து வருகிறோம். எங்கே இறங்குவது?

ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை சென்ட்ரலுக்கு நேர் எதிரே இருக்கிறது. நோயாளியுடன் பூந்தமல்லி நெடுஞ்சாலையை மேலே கடக்க முயலாமல் சுரங்கப்பாதை வழியாகச் செல்லுங்கள். எழும்பூரில் உள்ள குழந்தைகள் நல மருத்துவமனைக்கும் மகப்பேறு மருத்துவமனைக்கும் செல்பவர்கள் எழும்பூரில் இறங்குவதே எளிது. சென்ட்ரலில் வந்திறங்கினால் மெட்ரோவில் ஒரே நிறுத்தம். இந்த இரண்டு ஊர்ப்பெயர்களையும் குழப்பிக்கொண்டு, கையில் குழந்தையுடன் வெயிலில் வழி கேட்டு நிற்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். நிலையத்துக்குள்ளேயே மருத்துவமனைகளின் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, அம்புக்குறியுடன் நடைமேடை முடிவிலிருந்தே வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வரிசையில் நிற்காமல் பயணச்சீட்டு எடுக்க முடியுமா?

மின்சார ரயிலுக்கும் முன்பதிவில்லாப் பெட்டிக்கும் ரயில்வேயின் கைபேசிச் செயலியில் எடுக்கலாம். தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய சென்னை ஒன் செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகிய மூன்றுக்கும் சீட்டு பெறலாம். தொலைதூர ரயில்களுக்கான முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் தொடங்குகிறது. முன்பு அது 120 நாளாக இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போக நினைப்பவர்கள் நாள்காட்டியில் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே தென் மாவட்ட ரயில்கள் நிரம்பிவிடுகின்றன.

நள்ளிரவில் வந்து இறங்கினால் என்ன செய்வது?

மெட்ரோ காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடுகிறது. மின்சார ரயில்கள் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். இடைப்பட்ட நேரத்தில் நிலைய வளாகத்தில் உள்ள முன்கட்டண ஆட்டோ, டாக்சி சேவையைப் பயன்படுத்துவது நல்லது. அவசரம் இல்லாதவர்கள் காத்திருப்பு அறையில் இருந்துவிட்டு முதல் ரயிலில் கிளம்பலாம். பயணத்தில் எந்த இடையூறு நேர்ந்தாலும், பொருள் தொலைந்தாலும், உடல்நலக் குறைவு ஏற்பட்டாலும் 139 என்ற எண்ணை அழைக்கலாம்.